துகள்களின் மின்னூட்டமும் தென்தமிழக வானும்

அடிப்படைத் துகள்களின் மாறாப் பண்புகளுள் ஒன்று மின்னூட்டம். எலக்ட்ரானுக்கு −1, மியூவானுக்கு −1, நியூட்ரினோவுக்கு 0, குவார்க்குகளுக்கு +2/3 அல்லது −1/3 என்று பாடநூல்கள் அதைப் பட்டியலிடுகின்றன. இந்த எண்களை எவரும் துகளின் மீது எழுதியிருக்கக் கண்டதில்லை. மின்புலத்திலோ காந்தப்புலத்திலோ ஒரு துகள் எந்தப் பக்கம் விலகுகிறது, அல்லது விலகாமலே போகிறதா என்பதிலிருந்து அவை பெறப்பட்டவை. அவ்வாறு பெறப்பட்ட வரலாற்றில் சென்னை, கோலார் தங்கவயல், உதகமண்டலம், மதுரை ஆகிய ஊர்களுக்கும் பங்கு உண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் கட்டப்படாமல் நின்றுபோன நியூட்ரினோ ஆய்வகமும் அதே வரலாற்றைச் சேர்ந்ததுதான்.

கரிசல் நிலத்தின் மேல்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசல் மண், கண்மாய்ப் பாசனம், ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாறு. மழை பொய்த்த ஆண்டிலும் இந்த வானத்திலிருந்து தவறாமல் விழுவது மியூவான் எனும் துகள். கடல்மட்டத்தை ஒட்டிய நிலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று என்ற கணக்கில் அது விழுகிறது. ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்துக்குக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 கோடி.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களே இதற்கு மூலம். அவற்றுள் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவை மேல் வளிமண்டலத்தின் அணுக்கருக்களில் மோதும்போது பையான்கள் உண்டாகின்றன; மின்னூட்டமுள்ள பையான்கள் சிதைந்து மியூவான்கள் பிறக்கின்றன. மியூவான் எலக்ட்ரானைப் போன்றதே, நிறை மட்டும் ஏறத்தாழ 207 மடங்கு. அது 2.2 மைக்ரோ நொடியில் ஒரு எலக்ட்ரானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதைகிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணிப்பதால் அதன் காலம் நமக்கு நீண்டு தெரிகிறது. தரையை வந்தடைய அதனால்தான் முடிகிறது.

மின்னூட்டம் அழிவதில்லை என்ற விதி இங்கே வெளிப்படுகிறது. −1 உடைய மியூவான் மறைந்தால், அந்த −1ஐ ஏற்க ஒரு எலக்ட்ரான் பிறந்தே ஆகவேண்டும். அந்த எலக்ட்ரான் ஏன் மேலும் சிதைவதில்லை? நிறை குறைந்த துகள்கள் வேறு உண்டு. ஆனால் அவற்றுள் எதுவும் மின்னூட்டம் தாங்குவதில்லை. இறக்கிவைக்க இடமில்லாததால் எலக்ட்ரான் தன் சுமையோடு நிலைத்து நிற்கிறது. அணுக்களும், அவற்றால் ஆன மண்ணும் பருத்தியும் நிலைத்திருப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

வளைவைப் படித்தல்

எலக்ட்ரானின் மின்னூட்ட அளவை 1909 முதல் 1913 வரையிலான எண்ணெய்த்துளிச் சோதனையில் அளந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் மில்லிகன். எந்தத் துளியில் அளந்தாலும் மின்னூட்டம் ஒரே சிறு அலகின் முழு மடங்காகவே கிடைத்தது. இன்று அந்த அலகு 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என வரையறுக்கப்பட்டுள்ளது.

குறியின் கதை வேறு. மில்லிகனின் ஆய்வகத்திலேயே பணியாற்றிய கார்ல் ஆண்டர்சன், 1932இல் காந்தப்புலத்தில் வைத்த முகில் கலத்தில் ஒரு துகளின் தடத்தைப் படம்பிடித்தார். தடம் எலக்ட்ரானுடையதைப் போலிருந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாக வளைந்தது. எலக்ட்ரான்தான் கீழிருந்து மேலே சென்றிருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்த்தது கலத்தின் நடுவே இருந்த 6 மில்லிமீட்டர் ஈயத்தகடு. தகட்டைக் கடந்த துகள் ஆற்றல் இழக்கும், இழந்தபின் அதிகமாக வளையும். எந்தப் பக்கத்தில் வளைவு கூடுதலோ அந்தப் பக்கமே அது வெளியேறிய பக்கம். ஆகவே அது நேர்க்குறி உடையது. பாசிட்ரான் எனப் பெயர்பெற்றது. வேறு எவ்விதத்திலும் எலக்ட்ரானிலிருந்து வேறுபடாத ஒரு துகளை, மின்னூட்டத்தின் குறி ஒன்றே தனித் துகளாகக் காட்டிக்கொடுத்தது.

புவி எனும் காந்தம்

ஆண்டர்சனுக்கு ஆய்வகக் காந்தம் தேவைப்பட்டது. காஸ்மிக் கதிர்களைப் பொறுத்தவரை அந்த வேலையைப் புவியே செய்கிறது. புவியின் காந்தப்புலம் வலுவற்றதுதான். ஆனால் பல்லாயிரம் கிலோமீட்டருக்குப் பரந்திருப்பதால் வரும் துகளை வளைக்க அதற்கு நேரம் நிறைய உண்டு. துருவத்தருகே துகள்கள் காந்தக் கோடுகளை ஒட்டி இறங்கிவிடும். காந்த நடுக்கோட்டில் அவை கோடுகளைக் குறுக்கே வெட்டி வரவேண்டும். ஆற்றல் குறைந்தவை வெளியே திருப்பி அனுப்பப்படும். காந்த நடுக்கோடு இந்தியத் தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. எனவே தென்தமிழ்நாட்டில் நேர் மேலிருந்து வரும் ஒரு புரோட்டானுக்கு ஏறத்தாழ 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். உலகின் மிக உயர்ந்த வாசற்படிகளுள் இது ஒன்று.

இந்த வாசற்படி இருப்பதையே ஒரு காலத்தில் சிலர் ஏற்கவில்லை. காஸ்மிக் கதிர் என்ற பெயரைப் பரப்பிய மில்லிகன், அவை காமா கதிரைப் போன்ற மின்னூட்டமற்ற ஒளித்துகள்கள் என்று நம்பினார். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த அதே கைகள் இங்கே மின்னூட்டமே இல்லை என்று வாதிட்டன. ஒளித்துகளானால் புவியின் காந்தம் அதைத் தொடாது. உலகெங்கும் ஒரே அளவே விழவேண்டும். 1927இல் ஜாவாவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே கப்பலில் அளவிகளோடு சென்ற ஜேக்கப் கிளே, வெப்ப மண்டலத்தில் கதிர்ச்செறிவு குறைவதைக் கண்டார். 1932இல் ஆர்தர் காம்ப்டன் ஒருங்கிணைத்த குழுக்கள் உலகின் 69 இடங்களில் அளந்து அதை உறுதிசெய்தன. அவ்வாண்டின் இறுதியில் மில்லிகனும் காம்ப்டனும் மோதிக்கொண்டது நியூயார்க் நாளிதழ்களின் செய்தியானது.

மில்லிகன் தோல்வியை எளிதில் ஒப்புக்கொண்டவர் அல்லர். ஆனால் அளப்பதை நிறுத்தவும் இல்லை. அவருடைய குழுவினர் 1936இல் சென்னையிலிருந்து மின்காட்டிகளைப் பலூன்களில் கட்டி வளிமண்டலத்தின் உச்சிவரை அனுப்பினர். சென்னை அளவும் டெக்சாஸின் சான் அன்டோனியோ அளவும் 1937இல் ஒப்பிடப்பட்டன. சென்னை வானின் உச்சியில் கதிர்கள் மிகக் குறைவு. விடுபட்டவை காந்தம் திருப்பி அனுப்பியவை, அதாவது மின்னூட்டமுள்ளவை. 1939–40இல் மில்லிகன் மீண்டும் இந்தியா வந்து பெங்களூர், ஆக்ரா, பெஷாவர் ஆகிய ஊர்களிலிருந்து பலூன்களை ஏவினார். அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த ஹோமி பாபா காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவொன்றைத் தொடங்கி, பின்னர் வானூர்திகளில் கருவிகளை ஏற்றி அதே அட்சரேகையில் அளவுகளைத் தொடர்ந்தார்.

மேற்கும் கிழக்கும்

மின்னூட்டம் உண்டு என்று தெரிந்தபின் எந்தக் குறி என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை திசையில் இருந்தது. நடுக்கோட்டருகே புவியின் காந்தப்புலம் வடக்கு நோக்கியது. மேலிருந்து இறங்கும் நேர்மின் துகளை அது கிழக்கே தள்ளும். அப்படியானால் நேர்மின் துகள்கள் மேற்கு வானிலிருந்து வருவதுபோல் தோன்றும். எதிர்மின் துகள்களுக்குக் கிழக்கு. இத்தாலியரான புரூனோ ரோசி 1930இல் இதை முன்கூட்டியே சொன்னார். 1933இல் மெக்சிகோ நகரிலும் எரித்ரியாவிலும் நடந்த சோதனைகளில் மேற்கிலிருந்து வருபவை கூடுதல் எனத் தெரிந்தது. காஸ்மிக் கதிர்கள் பெரும்பாலும் நேர்மின் துகள்கள் என்பது இப்படித்தான் நிலைபெற்றது.

இதே சோதனை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் மதுரையிலும் நடந்தது. அங்குள்ள உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில் 2 மீட்டர் நீள அகலமுள்ள கண்ணாடிக் கலங்களைப் பன்னிரண்டு அடுக்காக நிறுத்தி, ஒவ்வொரு மியூவானும் வந்த திசையைப் பதிவுசெய்தனர். இரண்டு கண்ணாடித் தகடுகள், இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு, தகடுகளுக்கு ஏறத்தாழ 10,000 வோல்ட் அழுத்தம்: கலத்தின் அமைப்பு இவ்வளவுதான். மின்னூட்டமுள்ள துகள் கடக்கும்போது வாயுவின் எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகிறது. உண்டாகும் சிறு மின்பொறி துகள் கடந்த இடத்தைச் சொல்கிறது. மின்னூட்டமில்லாத துகள் நேரடியாக எந்தத் தடயமும் விடாது. மதுரையின் கணக்கிலும் மேற்கே கூடுதல், கிழக்கே குறைவு. மதுரையிலிருந்து நேர் தெற்கே 50 கிலோமீட்டர் அளவில் உள்ள அருப்புக்கோட்டை காந்த நடுக்கோட்டுக்கு இன்னும் நெருக்கம். அங்கே மொட்டைமாடியில் படுத்திருப்பவரைத் துளைக்கும் மியூவான்களிலும் மேற்கு வானின் பங்கு சற்று அதிகமாகவே இருக்கும்.

மூலத் துகள்கள் நேர்க்குறி உடையவை என்பதால் அவற்றின் வாரிசுகளிலும் அந்தச் சாய்வு தொடர்கிறது. தரையை அடையும் ஒவ்வொரு 100 எதிர்மின் மியூவானுக்கும் நேர்மின் மியூவான்கள் 125க்கு மேல். உதகமண்டலத்தில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 நிலையம் இந்தச் சிறு வேறுபாட்டை ஒரு கருவியாகவே பயன்படுத்தியது. 560 சதுர மீட்டர் பரப்புள்ள அதன் மியூவான் அளவி துகள்களை எண்ணும். குறியைத் தனித்தனியே அறியாது. 2014 டிசம்பர் 1 அன்று நீலகிரியின் மேல் இடிமேகம் நின்ற 18 நிமிடங்களில் மியூவான் எண்ணிக்கை தாழ்ந்தது. மேகத்தின் மின்புலம் ஒரு குறியுடையதை வேகம் குறைத்து, மறுகுறியுடையதை விரைவுபடுத்தும். இரண்டும் சமமாக இருந்தால் விளைவுகள் பெரும்பாலும் ஈடாகிப் போயிருக்கும். நேர்மின் மியூவான்கள் கூடுதலாக இருந்ததால் நிகர இழப்பு தெரிந்தது. அதிலிருந்து மேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் என 2019இல் கணக்கிட்டு வெளியிட்டனர். மேகத்துக்குள் பலூனோ வானூர்தியோ அனுப்பாமல் கிடைத்த எண் அது.

சுழியம் என்ற மின்னூட்டம்

மின்னூட்டமற்ற துகள்களிலும் வகை உண்டு. நியூட்ரானின் மின்னூட்டம் சுழியம் என்றாலும் அதனுள்ளே +2/3 உடைய ஒரு குவார்க்கும் −1/3 உடைய இரண்டு குவார்க்குகளும் உள்ளன, கூட்டினால்தான் சுழியம். நியூட்ரினோவுக்கு உட்கூறு எதுவும் இதுவரை அறியப்படவில்லை. அதன் சுழியம் உண்மையான வெறுமை. 1930இல் உல்ஃப்காங் பவுலி அதைக் கணிப்பாக முன்வைத்தார். 1956இல் அமெரிக்காவில் கோவனும் ரைன்ஸும் அதை அணுஉலை அருகே கண்டறிந்தனர். சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு 6,000 கோடிக்கு மேற்பட்ட நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. மின்னூட்டம் இல்லாததால் அவை எந்த அணுவின் எலக்ட்ரானையும் பிய்ப்பதில்லை, எந்தக் காந்தத்துக்கும் வளைவதில்லை. மிக அரிதாக ஒன்று அணுக்கருவில் மோதி மியூவான் போன்ற மின்னூட்டமுள்ள துகளாக மாறும்போது அகப்படுகிறது. அப்போதும் மின்னூட்டக் கணக்கு பிசகாது. நியூட்ரினோவிலிருந்து −1 உடைய மியூவான் பிறந்தால், கருவில் ஒரு நியூட்ரான் +1 உடைய புரோட்டானாக மாறியிருக்கும்.

வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகிலேயே முதன்முதலாகப் பதிவுசெய்த இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்து ஆழப்படுத்திய சுரங்கம் அது. பி. வி. ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்திலேயே அங்கே இறங்கி மியூவான்களை எண்ணத் தொடங்கினார். ஆழம் செல்லச் செல்ல எண்ணிக்கை குறைந்தது. அந்த ஆழத்தின் அமைதியே நியூட்ரினோவைத் தேட வாய்ப்பானது. எம். ஜி. கே. மேனன் முன்னெடுத்த டாடா நிறுவனக் குழு, ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுத்தி, 1965 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸின் குழு அதே நேரத்தில் தேடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய கட்டுரை சில நாள்கள் பின்னால் அச்சானது. தங்கம் எடுப்பது கட்டுப்படியாகாமல் 1990களில் ஆழ் மட்டங்கள் கைவிடப்பட்டு நீர் நிறைந்தபோது இந்தியாவின் நியூட்ரினோ ஆய்வும் இடமின்றி நின்றது.

பொட்டிப்புரத்து இரும்பு

இழந்த இடத்தை ஈடுசெய்யத் திட்டமிடப்பட்டதே இந்திய நியூட்ரினோ ஆய்வகம். முதலில் தேர்ந்த நீலகிரியின் சிங்காரா, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது என்பதால் 2009இல் மறுக்கப்பட்டது. பின்னர் மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில், போடி மேற்கு மலையடியில் உள்ள பொட்டிப்புரம் தேர்வானது. 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மலைக்குள் 2 கிலோமீட்டர் அளவில் சுரங்கவழி, அதன் முடிவில் ஒரு குகை, குகைக்குள் 50,000 டன் இரும்பு. 5.6 சென்டிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடுகளும் மதுரையில் சோதித்த கண்ணாடிக் கலங்களும் மாறி மாறி 150 அடுக்கு.

இவ்வளவு இரும்பு எதற்கு என்பது திட்டத்தைப் பற்றிய பொதுவிவாதங்களில் மிகக் குறைவாகவே பேசப்பட்டது. நியூட்ரினோ மோத எடை வேண்டும் என்பது ஒரு காரணம்; அதற்குத் தண்ணீரே போதும். ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே 50,000 டன் தண்ணீரில்தான் நியூட்ரினோக்களுக்கு நிறை உண்டு என்பதை 1998இல் காட்டியது. தண்ணீரைக் காந்தமாக்க முடியாது, இரும்பை முடியும். நியூட்ரினோ மோதினால் எதிர்மின் மியூவானும் எதிர்-நியூட்ரினோ மோதினால் நேர்மின் மியூவானும் பிறக்கும். 1.5 டெஸ்லா அளவிலான காந்தப்புலத்தில் 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் மியூவான் 2 மீட்டரைச் சற்றே தாண்டிய ஆரத்தில் வளையும். வளைந்த பக்கம் தெரிந்தால், வந்தது எது என்பதும் தெரிந்துவிடும்.

அதைத் தெரிந்து என்ன பயன்? நியூட்ரினோவின் மூன்று நிறைகளில் எது பெரியது, எது சிறியது என்ற வரிசை இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. புவியின் உட்பகுதியை ஊடுருவி வரும் நியூட்ரினோ, வழியிலுள்ள எலக்ட்ரான்களால் சற்றே பாதிக்கப்படும். பாதிப்பு நியூட்ரினோவுக்கு ஒரு விதம், எதிர்-நியூட்ரினோவுக்கு வேறு விதம். இரண்டையும் தனித்தனியே எண்ணினால் நிறை வரிசை வெளிப்படும். சுருங்கச் சொன்னால், மின்னூட்டமே இல்லாத துகளின் நிறையை, அது விட்டுச் சென்ற வாரிசின் மின்னூட்டக் குறியால் படிக்கும் திட்டம் அது. அதே குகையில் வேறொரு சோதனைக்கும் இடம் ஒதுக்கியிருந்தனர். எலக்ட்ரானும் பாசிட்ரானும் குறியால் வேறானவை. நியூட்ரினோவுக்குக் குறியே இல்லாததால் அதுவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றேயாக இருக்கக்கூடும். வெள்ளீயத்தின் ஒரு வகை ஐசோடோப்பைக் கொண்டு இதைச் சோதிக்க எண்ணினர்.

எதிர்ப்பு இரண்டு வகை அச்சங்களிலிருந்து எழுந்தது; அவை ஒன்றாகக் கலந்துபோனது ஒரு கேடு. நியூட்ரினோவால் பயிருக்கும் உடலுக்கும் தீங்கு என்ற அச்சத்துக்கு அதன் சுழிய மின்னூட்டமே விடை. குகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை எல்லோரையும் கடந்துகொண்டே இருக்கின்றன. மலையை வெடிவைத்துக் குடைவதால் நீரூற்றுகளுக்கும் காட்டுக்கும் என்னாகும் என்ற அச்சம் அப்படித் தள்ளிவிடத் தக்கதல்ல. மழை மறைவில் உள்ள ஒரு ஊரின் நியாயமான கேள்வி அது. துகள் இயற்பியலைச் சொல்லி அதற்கு விடையளிக்க முடியாது. விளக்கக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கியபோது ஊர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. வைகோ உயர் நீதிமன்றத்தை நாடினார். பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. கேரளத்தின் மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா அருகில் இருப்பதைச் சுட்டி 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் ஒன்றிய அமைச்சகம் புதிதாக அனுமதி தந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில், மேற்குத்தொடர்ச்சி மலையில் இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என மனு தாக்கல் செய்தது. குகை தோண்டப்படவில்லை.

சீனாவில் 20,000 டன் ஒளிர்திரவம் கொண்ட ஜூனோ ஆய்வகம், அணுஉலைகளிலிருந்து வரும் எதிர்-நியூட்ரினோக்களை வைத்து அதே நிறை வரிசையைத் தேட 2025 ஆகஸ்டில் பணியைத் தொடங்கியது. பொட்டிப்புரத்துக்கென வகுத்த வடிவத்தில் இதுவரை கட்டப்பட்டது மதுரையில் உள்ள சிறு மாதிரி மட்டுமே: 4 மீட்டர் சதுரமான 11 இரும்பு அடுக்குகள், இடையே 10 அடுக்குக் கண்ணாடிக் கலங்கள், மொத்தம் 85 டன். செப்புச் சுருளில் 900 ஆம்பியர் மின்சாரம் பாயும்போது அந்த இரும்பு 1.4 டெஸ்லா காந்தமாகிறது. தலைக்குமேல் மலை இல்லாததால் நியூட்ரினோக்களை அதில் பிரித்தெடுக்க இயலாது. மியூவான்களுக்கு மட்டும் குறைவில்லை. தென்னக வானிலிருந்து இறங்கி அதற்குள் நுழைகிறவற்றில் நேர்க்குறியுடையது ஒரு பக்கமாகவும் எதிர்க்குறியுடையது மறுபக்கமாகவும் வளைந்து போகின்றன.